லாரா கிராஃப்ட் அண்ட் தி கார்டியன் ஆஃப் லைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இந்த விளையாட்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தவர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகள் இவை. 2010-ல் வந்த விளையாட்டு, இப்போது பழசுதான். ஆனாலும் ஒரே சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இது என்ன மாதிரி விளையாட்டு? யார் செய்தது?

அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் உருவாக்கியது, ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. 2010 ஆகஸ்ட் 18 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியில் வந்தது. செப்டம்பர் 28 அன்று பிளேஸ்டேஷன் 3-க்கும் கணினிக்கும் வந்தது. சுடுவது, தாண்டுவது, புதிர் அவிழ்ப்பது மூன்றும் கலந்த சாகச விளையாட்டு. ஒருவர் லாரா கிராஃப்டாகவும் இன்னொருவர் டோடெக் என்ற பழங்கால வீரனாகவும் ஆடலாம்.

டூம் ரைடர் லாராதானே இவர்? அப்புறம் ஏன் பெயரில் டூம் ரைடர் இல்லை?

அதே லாராதான், பழங்காலக் கோயில்களுக்குள் புதையல் தேடிப் போகும் டூம் ரைடர் விளையாட்டுத் தொடரின் நாயகி. டூம் ரைடர் என்று அட்டையில் போட்டால் வாங்குபவர் மனதில் ஒரு படம் வந்துவிடும்: லாராவின் முதுகுக்குப் பின்னால் கேமரா, ஆளில்லாத பெரிய கோயில், தனியாக ஒரு பெண். இந்த விளையாட்டில் அந்த மூன்றுமே மாறிவிட்டன. அதனால் தொடரின் பெயரை விட்டுவிட்டு நாயகியின் பெயரை மட்டும் வைத்தார்கள். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். வாங்கியவர் ஏமாறவில்லை, செய்தவர்களுக்கும் பழைய விதிகளை உடைக்கச் சுதந்திரம் கிடைத்தது.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது அந்தத் தொடர்? புதுப்பிக்க என்ன அவசியம்?

அவ்வளவு நன்றாகப் போகவில்லை. முதல் டூம் ரைடர் 1996-ல் வந்தது. இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருந்த கோர் டிசைன் செய்தது, ஐடாஸ் வெளியிட்டது. அது வெற்றி பெற்றதும் வருடத்துக்கு ஒன்று என்று அடுத்தடுத்து வெளியிட ஆரம்பித்தார்கள். 1998-ல் வந்த மூன்றாம் பாகம் இந்தியக் காட்டில்தான் தொடங்கும், கங்கைக் கரையில் ஒரு லெவலே உண்டு. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் குரங்குகள் இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஒரே நிறுவனம் மூச்சுவிடாமல் வருடாவருடம் செய்துகொண்டே இருந்ததில் களைப்பு தெரிய ஆரம்பித்தது. 2003-ல் வந்த ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ் அரைவேக்காடாக வெளியானது. கட்டுப்பாடுகள் சொன்னபடி கேட்காது, பிழைகள் ஏராளம். தொடரை டெர்பியிலிருந்து எடுத்து கலிஃபோர்னியாவில் இருந்த கிரிஸ்டல் டைனமிக்ஸிடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்த லெஜெண்ட் 2006-லும், முதல் பாகத்தின் மறு ஆக்கமான ஆனிவர்சரி 2007-லும், அண்டர்வேர்ல்ட் 2008-லும் வந்தன. லெஜெண்டுக்கு நல்ல வரவேற்பு. அண்டர்வேர்ல்ட் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2009-ல் ஐடாஸையே ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கிவிட்டது.

அதாவது, ஒரு பெரிய மறுதொடக்கத்துக்கான வேலை உள்ளே நடந்துகொண்டிருந்தது, வெளியே காட்ட ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் வந்ததுதான் இந்தச் சின்ன விளையாட்டு. விலை அப்போது 15 டாலர், இணையத்தில் இறக்கிக்கொள்வதற்காகச் செய்தது. பிரம்மாண்டத்தில் போட்டி போட முடியாது என்று தெரிந்ததால், தொடரில் அதுவரை யாரும் தொடாத ஒன்றைத் தொட்டார்கள். பதினான்கு வருடம் தனியாகவே அலைந்த லாராவுக்குப் பக்கத்தில், கூட ஆடும் இன்னொரு ஆளை நிறுத்தினார்கள்.

கதை என்ன?

இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் மத்திய அமெரிக்காவில் ஷோலோடல் என்ற கொடியவனை டோடெக் தோற்கடித்து, புகைக் கண்ணாடி என்ற மந்திரக் கண்ணாடிக்குள் அடைக்கிறான். அதைக் காக்கத் தானே கற்சிலையாகி நிற்கிறான். லாரா அந்தக் கோயிலைக் கண்டுபிடித்து உள்ளே போகிறாள், அவளைப் பின்தொடர்ந்து வந்த கூலிப்படை கண்ணாடியைப் பறிக்க, ஷோலோடல் வெளியே வந்துவிடுகிறான். டோடெக் உயிர்பெறுகிறான். விடிவதற்குள் ஷோலோடலை மறுபடி பிடிக்க வேண்டும். இவ்வளவுதான். கதைக்காக இதை வாங்க வேண்டாம்.

இதில் வருவது உண்மையான மாயன் புராணமா?

இல்லை, கலவை. மாயன்களும் அஸ்டெக்குகளும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியில் வாழ்ந்த இரு வேறு பழங்கால மக்கள். டோடெக்கை மாயன் வீரன் என்று சொல்கிறார்கள், ஆனால் ஷோலோடல் அஸ்டெக் மரபைச் சேர்ந்த தெய்வம். நாய்த் தலையோடு இருப்பவர், இறகுப் பாம்புத் தெய்வமான கெட்சல்கோவாட்டலின் இரட்டைப் பிறவி, இரவில் சூரியன் பாதாள உலகத்தைக் கடக்கும்போது கூடவே துணைக்குப் போகிறவர். விளையாட்டில் அவரை உலகை இருட்டில் மூழ்கடிக்கும் வில்லனாக்கிவிட்டார்கள். புகைக் கண்ணாடியும் அஸ்டெக் மரபிலிருந்துதான் வருகிறது. டெஸ்கட்லிபோகா என்ற தெய்வத்தின் அடையாளம் அது. எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடிகளை அந்த மக்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். நம் ஊர்க் கோயில் தெய்வம் ஒன்றை எடுத்து இப்படி வில்லனாக்கினால் நமக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். எனக்கு இந்த விளையாட்டில் பிடிக்காத விஷயம் இது ஒன்றுதான்.

திரை இரண்டாகப் பிரியுமா? எங்கள் வீட்டு டிவி சின்னது.

பிரியாது. இந்த விளையாட்டின் உயிர்நாடியே அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய பாகங்களில் கேமரா லாராவைத் தொடரும். அப்படி இரண்டு பேருக்குச் செய்தால் திரையை இரண்டாக வெட்டத்தான் வேண்டும். ஆளுக்குப் பாதி டிவி. உங்கள் பாதியில் நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது, என் பாதியில் நீங்கள் எங்கே என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தனித்தனியாக ஆடுவதுபோலத்தான்.

கார்டியன் ஆஃப் லைட்டில் கேமராவைத் தூக்கி மேலே, ஒரு சாய்ந்த கோணத்தில் நிறுத்திவிட்டார்கள். அதை நாம் திருப்ப முடியாது. இரண்டு பேரும் எப்போதும் ஒரே காட்சிக்குள்தான் இருப்பார்கள். கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பலகையைப் பார்ப்பது மாதிரி, ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இதனால் ஆடாதவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். "அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கு பாருங்க" என்று காபி டம்ளரோடு நிற்கும் ஆள்கூடச் சொல்ல முடியும். முதுகுக்குப் பின்னால் கேமரா சுற்றும் விளையாட்டுகளில் வேடிக்கை பார்ப்பவருக்குத் தலைதான் சுற்றும்.

இன்னொரு லாபமும் உண்டு. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இரண்டு ஸ்டிக்குகள் உண்டு. கேமரா நம் கையில் இல்லாததால் வலது ஸ்டிக் சும்மா இருக்கிறது, அதைக் குறி வைக்கக் கொடுத்துவிட்டார்கள். இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் துப்பாக்கி பார்க்கும் திசை. ஓடிக்கொண்டே பின்னால் சுடலாம். பழைய டூம் ரைடரில் சண்டை எப்போதுமே கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருக்கும். இங்கே சண்டையே குஷியாகிவிட்டது.

லாராவும் டோடெக்கும் ஒரே மாதிரிதானா? யாரை எடுப்பது?

ஒரே மாதிரி இல்லவே இல்லை. சுடுவதும் குண்டு வைப்பதும் இருவருக்கும் பொது. அதைத் தாண்டி, ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை.

லாராவிடம் கொக்கிக் கயிறு. சுவரில் பதித்த தங்க வளையங்களில் அதை வீசி மாட்டலாம். மறு முனையை அவள் பிடித்து நின்றால், அந்தக் கயிற்றின் மேலேயே டோடெக் கழைக்கூத்தாடிபோல நடந்து பள்ளத்தைத் தாண்டுவான். டோடெக்கின் இடுப்பில் கயிற்றை மாட்டினால் அவன் பிடித்துக்கொள்ள, லாரா சுவர் வழியாகக் கீழே இறங்குவாள்.

டோடெக்கிடம் ஈட்டியும் கேடயமும். சுவரில் ஈட்டியை எறிந்தால் அது குத்தி நிற்கும், அந்தக் கம்பின் மேல் லாரா ஏறி அடுத்த கம்புக்குத் தாவலாம். டோடெக் கனமானவன், அவனை அது தாங்காது. கேடயத்தை முன்னால் பிடித்தால் தோட்டாவும் அம்பும் தடுக்கப்படும், லாரா பின்னால் ஒதுங்கி வரலாம். தலைக்கு மேல் பிடித்தால் அதன்மேல் லாரா நின்று எட்டாத உயரத்தை எட்டலாம்.

இதை ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். நடுவில் பள்ளம், அந்தப் பக்கம் உயரமான சுவர், இந்தப் பக்கத்தில் ஒரு வளையம். முதலில் டோடெக் சுவரில் படிப்படியாக ஈட்டிகளை எறிகிறான். கொஞ்சம் தாழ்வாக எறிந்தால் லாரா அடுத்ததை எட்ட மாட்டாள், ரொம்ப உயர்த்தினால் முதல் கம்பிலேயே ஏற முடியாது. "இன்னும் கொஞ்சம் கீழே, இடது பக்கம்" என்று லாராவை ஆடுபவர் சொல்லச் சொல்ல எறிய வேண்டும். லாரா மேலே போய்விட்டாள், டோடெக் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். இப்போது அவள் திரும்பி நின்று கயிற்றை வீச வேண்டும், அவன் அதன்மேல் நடக்க வேண்டும். அவன் பாதி வழியில் இருக்கும்போது அந்தப் பக்கம் இரண்டு அசுரர்கள் முளைப்பார்கள். லாரா நகர்ந்தால் கயிறு போய்விடும். கயிற்றில் நிற்கிறவன் அங்கிருந்தபடியே சுட வேண்டும்.

பாருங்கள், ஒரு வார்த்தை பேசாமல் இதைச் செய்யவே முடியாது. பேசிப் பேசி ஆட வைப்பதுதான் இந்த விளையாட்டின் சாமர்த்தியம்.

யாரை எடுப்பது என்றால், தாவிக் குதிப்பதில் கை பழகியவர் லாரா. புதிதாக ஆடுபவருக்கு டோடெக் நல்லது. கேடயம் இருப்பதால் சட்டென்று சாக மாட்டார்.

சேர்ந்து ஆடுவது என்றாலும் சண்டை வருமா?

வரும், நல்ல சண்டை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஸ்கோர் உண்டு. கீழே கிடக்கும் ரத்தினங்களை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு. லெவல் முடிந்ததும் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். என் அக்கா பையன் கயிற்றின் மேல் நான் நடந்துகொண்டிருக்கும்போது வேண்டுமென்றே கயிற்றை விட்டுவிட்டு ரத்தினத்துக்கு ஓடுவான். அடுத்த முறை எனக்கு ஈட்டி தேவைப்படாது, அவனுக்குத் தேவைப்படும். அப்போது பேரம் ஆரம்பிக்கும். ஒருவர் செத்தாலும் இன்னொருவர் உயிரோடு இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப எழுந்துவிடலாம், அதனால் இந்தக் குறும்புகளால் ஆட்டம் கெடுவதில்லை.

தனியாக ஆட முடியுமா?

முடியும். தனியாக ஆடினால் டோடெக் கதைக் காட்சிகளில் மட்டும் வருவான். ஈட்டி லாரா கைக்கு வந்துவிடும். புதிர்களையும் ஒரே ஆளால் அவிழ்க்கும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆள் இல்லாத குறையைக் கணினியே ஓட்டும் ஒரு மந்தமான துணையை வைத்துச் சமாளிக்காமல், அறைகளையே திருத்தினார்கள் பாருங்கள், அந்த உழைப்புக்காகவே இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கலாம். ஆனால் முதல் தடவை ஜோடியாக ஆடுங்கள்.

எங்கள் அம்மா கன்ட்ரோலரையே தொட்டதில்லை. அவரால் முடியுமா?

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் அரை மணி நேரம் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் தள்ளுவது கஷ்டமாக இருக்கும். அப்போது சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கேடயத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள். எங்கள் மாடி வீட்டு அத்தை அப்படித்தான் ஆரம்பித்தார். முதலில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். அப்புறம் அந்தக் கேடயத்தின் மேல் நான் ஏறாமல் கதவு திறக்காது என்று தெரிந்ததும் அவரே "வாடா, வந்து ஏறு" என்று கூப்பிட ஆரம்பித்தார். தன்னால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் கன்ட்ரோலரைக் கீழே வைப்பதில்லை.

பேச்சு எல்லாம் ஆங்கிலம். தமிழ் எழுத்தும் கிடையாது. ஆனால் புதிர்களில் படிக்க ஒன்றுமில்லை. உருண்டை, மேடை, நெம்புகோல், முள் என்று எல்லாமே பார்த்தவுடன் புரிகிற பொருள்கள்.

சின்னப் பிள்ளைகள் ஆடலாமா?

துப்பாக்கிச் சண்டை உண்டு, எலும்புக்கூடுகளும் பெரிய சிலந்திகளும் வரும். கேமரா தூரத்தில் இருப்பதால் ரத்தம் முகத்தில் அடிப்பதுபோல இருக்காது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூட இருந்து ஆடினால் தவறில்லை என்பது என் கருத்து.

எவ்வளவு நேரம் ஓடும்?

14 லெவல்கள், ஆறேழு மணி நேரத்தில் கதை முடியும். ஒளித்து வைத்த சிவப்பு மண்டை ஓடுகளையும் ஓரத்துச் சவால் அறைகளையும் தேடிப் போனால் இன்னும் நீளும். ஓர் உட்காரலுக்கு ஒரு லெவல், மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத பகுதியில் இருந்தால் லெவல் முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

சென்னையில் எங்கே வாங்குவது? பர்மா பஜாரில் கிடைக்குமா?

சிடி தேடி பாரிமுனை வரை போகத் தேவையில்லை. கணினியில் ஆட ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கலாம், தள்ளுபடி நாட்களில் விலை நன்றாக இறங்கும், அதுவரை காத்திருங்கள். பிளேஸ்டேஷன் 3 காலத்து விளையாட்டு என்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். நின்டெண்டோ ஸ்விட்ச் இருந்தால், ஃபெரல் இன்டராக்டிவ் 2023 ஜூனில் இதையும் அடுத்த பாகத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டியது கன்ட்ரோலருக்குத்தான். இரண்டு வாங்குங்கள். கடையிலேயே பிரித்து, இரண்டு ஸ்டிக்கையும் முழு வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், விட்டதும் நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். இந்த விளையாட்டில் வலது ஸ்டிக்தான் குறி. அது ஒரு பக்கமாக இழுத்தால் துப்பாக்கியும் அந்தப் பக்கமே போகும். மலிவு கன்ட்ரோலர்களில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். வயர் உள்ளதாக எடுத்தால் ஹாலின் நீளத்துக்கு வயர் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இருவரும் சேர்ந்து ஆடலாமா?

ஆடலாம். வெளிவந்தபோது எக்ஸ்பாக்ஸில் ஒரே அறையில் இருந்துதான் ஆட முடிந்தது, இணையம் வழி ஆடும் வசதி பிறகுதான் சேர்ந்தது. ஸ்டீமில் வாங்கினால் ரிமோட் ப்ளே டுகெதர் என்ற வசதியும் இருக்கிறது. விளையாட்டு உங்கள் கணினியில் ஓடும், படம் அவருக்குப் போகும், அவர் கன்ட்ரோலர் அசைவு உங்களுக்கு வரும். ஒருவர் வாங்கியிருந்தால் போதும். இணைய வேகம் இரு பக்கமும் சீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாவல்கள் தப்பும். எப்படி ஆடினாலும் போனில் பேசிக்கொண்டே ஆடுங்கள். பேசாமல் ஈட்டி எறிய முடியாது.

அதற்குப் பிறகு தொடர் இந்த வழியிலேயே போனதா?

போகவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். 2013-ல் வந்த டூம் ரைடர் தொடரை முதலிலிருந்து தொடங்கியது. இளம் லாரா, கப்பல் உடைந்த தீவு, உயிர் பிழைக்கும் போராட்டம். அருமையான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் கதையை மறுபடி தனி ஆளாகத்தான் ஆட வேண்டும். பலர் சேர்ந்து ஆடும் பகுதி ஒன்று இருந்தது, அது ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் போட்டி.

இந்த விளையாட்டின் கிளை 2014 டிசம்பரில் மறுபடி ஒரு தடவை துளிர்த்தது, லாரா கிராஃப்ட் அண்ட் தி டெம்பிள் ஆஃப் ஒசைரிஸ் என்ற பெயரில். களம் எகிப்து, நான்கு பேர் வரை ஆடலாம். லாராவும் அவளுடைய போட்டியாளன் கார்ட்டர் பெல்லும் கயிறு வைத்திருப்பார்கள், ஐசிஸும் ஹோரஸும் மந்திரக்கோல் வைத்திருப்பார்கள்.

அப்படியானால் நேராக ஒசைரிஸையே வாங்கிவிடலாமா? நாங்கள் நான்கு பேர்.

நான்கு பேர் என்றால் வாங்கலாம், கதைத் தொடர்ச்சி எதுவும் இல்லாததால் முதல் பாகம் தெரியாமலே புரியும். கலகலப்பு நிறைய. ஆனால் நான்கு பேரில் ஒருவர் சும்மா நின்றாலும் மற்ற மூவர் வேலையை முடித்துவிடுவார்கள். கார்டியனில் அது நடக்காது. நீங்கள் ஈட்டி எறியவில்லை என்றால் லாரா ஏற முடியாது, அவள் கயிறு வீசவில்லை என்றால் நீங்கள் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். அதனால் இரண்டு பேர் என்றால் கார்டியன், மூன்று நான்கு பேர் கூடினால் ஒசைரிஸ்.